விசில் மாமாவின் கயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் விசில் மாமா தவறிவிட்டார் என்றதும் "எப்படிப்பா?" என்று கேட்டாய். நெஞ்சுவலி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளியில் பத்தொன்பது வருஷம் பி.டி. மாஸ்டர்கள். அவருக்கு ஹாக்கி, எனக்குத் தடகளம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே கிரவுண்டு. அப்புறம் சண்டைக்குக் கேட்கவா வேண்டும்? நான் போட்ட ஓடுபாதைக் கோட்டை அவர் பையன்கள் மிதித்து அழிப்பார்கள். என் பையன் எறிந்த குண்டு, கோலுக்கு முன்னால் அவர் வளைத்துப் போட்ட 'டி' கோட்டுக்குள் போய்க் குழி பறிக்கும். ஒரு தடவை மூன்று மாதம் பேச்சுவார்த்தையே கிடையாது. அதில் பாதிக்கு மேல் தப்பு என்னுடையதுதான்.

கோவில்பட்டிக் கரிசலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும், வெயிலில் வெடித்துக் கிடக்கும். பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. "இதுல பந்தை அடக்கிட்டான்னா எந்தத் தரையிலயும் ஆடுவான், மாப்ளே" என்பார். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் நம்ம ஊர் மாரீஸ்வரன் இந்தியாவுக்காக இறங்கினான் அல்லவா, அன்றைக்குக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இவரிடம் படித்த பையன்கூட இல்லை. கூட ஆடிய அரியலூர் கார்த்திக்காக இன்னொரு பொட்டலம். வெண்கலம் வந்ததும் மூன்றாவது.

துட்டி கேட்கப் போனபோது அத்தை ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே அவர் கோடு போடும் கயிறு. ஒரு முனையில் ஆணி. 21 அடியில் ஒரு முடிச்சு, அது பெனால்டி ஸ்ட்ரோக் அடிக்கும் புள்ளிக்கு. 48 அடியில் சிவப்புத் துணி கட்டிய முடிச்சு. கோல் கம்பத்தடியில் ஆணியை அடித்து, அந்த முடிச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தால் 'டி' வளைந்து வரும். சுண்ணாம்பு இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது.

ஆணிக்குப் பக்கத்திலேயே, மூன்றரை அடியில், இன்னொரு முடிச்சு இருந்தது. ஹாக்கியில் மூன்றரை அடிக்கு என்ன வேலை? குண்டு எறிகிற வட்டத்துக்குத்தான் விட்டம் ஏழு அடி. நாங்கள் பேசாமல் இருந்த அந்த மூன்று மாதமும் காலையில் நான் போகும்போது வட்டம் தயாராக இருக்கும். வாட்ச்மேன் போடுகிறார் என்று நினைத்து, தீபாவளிக்கு அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்!

சரி, அத்தைக்கு ஒரு போன் போடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றால் எடுப்பார்.

அன்புடன்,
அப்பா