யாருக்குக் காவல் என்று கேள், தாயி

பாம்பன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ போட்டோ எடுத்து அனுப்பிய இரண்டு காகிதங்களையும், சட்டப் பணிகள் குழுவில் எங்களோடு இருக்கும் வக்கீலம்மாவிடம் காட்டி வரிவரியாகக் கேட்டுக்கொண்டேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்தைப் பற்றி யோசி.

முதலில் உன் அறைத்தோழி வாங்கும் கடன். "சும்மா ஜாமீன் கையெழுத்துதான்" என்று அவள் சொன்னதாகச் சொன்னாய். அவள் நல்ல பிள்ளைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம் ஜாமீன்தாரருக்கும் கடன்காரருக்கும் ஒரே அளவு பொறுப்பை வைத்திருக்கிறது. அவள் தவணை கட்டாமல் விட்டால், அவளை முதலில் துரத்திப் பிடித்துவிட்டு உன்னிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவனுக்குக் கிடையாது. நேராக உன்னிடமே கேட்கலாம், உன் மேலேயே வழக்கும் போடலாம். நீ கட்டிய பணத்தை அவளிடம் திருப்பிக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு. அதை வாங்கத் தனியாக நீதான் அலைய வேண்டியிருக்கும். நாளைக்கு உன் பெயரில் ஒரு கடன் கேட்டுப் போனாலும் உன் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் கணக்கில் இந்த ஜாமீன் நிற்கும்.

நம் ஊரில் குழுக்கடன் வாங்கிய வீடுகளைப் பார்த்து வளர்ந்தவள் நீ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள் கடலுக்குப் போக முடியாது, வாரத் தவணை மட்டும் நிற்காது. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நேற்று வரை ஒன்றாக நண்டு உடைத்த பெண்கள், அவள் வாசலில் போய் உட்கார்ந்து திட்டுவார்கள். ஜாமீன் கையெழுத்து அப்படித்தான் சிநேகத்தைத் தின்னும். அவள் கட்டாவிட்டால் உன்னால் மொத்தத்தையும் கட்ட முடியும் என்றால் போடு. முடியாது என்றால் இப்போதே முகத்துக்கு நேரே சொல்லிவிடு.

இரண்டாவது, கம்பெனி கேட்கும் ஈட்டுறுதிப் பத்திரம். பெயரைப் பார்த்து உனக்கு ஏதோ உறுதி கொடுக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாய். உன்னால் கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் நீ ஈடு கட்டுவாய் என்று நீ கொடுக்கும் உறுதி அது. எந்தச் செயலுக்கு, எவ்வளவு தொகை வரை என்று அதில் இல்லை. "எந்த வகை இழப்பும்" என்று மட்டும் இருக்கிறது. தொகைக்கு ஒரு மேல்வரம்பு எழுதச் சொல். உன் தவறால் வந்த நஷ்டத்துக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல். மறுத்தால், நீ கேட்டதும் அவர்கள் மறுத்ததும் மெயிலில் இருக்கட்டும்.

அதிலேயே, இரண்டு வருடத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. "இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2025இல் ஒரு வங்கி வழக்கில், முன்கூட்டியே வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் எழுதிய தொகை முழுவதையும் அப்படியே கொடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. நியாயமான ஈடு எவ்வளவோ, எழுதிய தொகைக்கு மேல் போகாமல், அதைத்தான் கோர்ட் பார்க்கும். உன் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதே. ஜெராக்ஸ் கொடு, ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வா.

தலைப்பில் பாதுகாப்பு என்று போட்டிருந்தால் அது நமக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உன் அப்பத்தா காலத்தில், 1986இல், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பவளப்பாறையும் கடல்பசுவும் பிழைக்க அது வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தீவோரத்தில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்து வயிறு கழுவிய பெண்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். அவர்களைக் கேட்டு எழுதிய காகிதமா அது? இன்னமும் எனக்கு ஆறவில்லை. எந்தக் காகிதம் வந்தாலும் இது யாரைக் காக்கிறது, யாரிடமிருந்து காக்கிறது என்று முதலில் கேள்.

இனி நான் எழுத வந்த விஷயம். சூப்பர்வைசர் "ஒரு மாதிரி பேசுறாரும்மா" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. தாயி, வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கென்றே 2013இல் ஒரு சட்டம் வந்தது. அது உன்னைக் காக்கவே எழுதியது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன ஒரு கிராமப் பணியாளருக்கு நடந்த கொடுமையிலிருந்து 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது, அதிலிருந்துதான் இந்தச் சட்டம். ஒரு பெண் பட்டதற்கு மேல்தான் நீ நிற்கிறாய், அதை வீணாக்காதே.

தொட்டால்தான் குற்றம் என்று நினைக்காதே. உனக்கு விருப்பமில்லாத பாலியல் பேச்சு, சைகை, படம் காட்டுவது எல்லாமே அதில் வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். தலைமை ஒரு பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், ஒருவர் வெளியாள். முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. விசாரணை நடக்கும்போது உன்னையோ அவனையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். உன் வேலையைப் பற்றி அவன் மதிப்பெண் போடக் கூடாது என்றும் கேட்கலாம். மூன்று மாதம் வரை லீவும் கேட்கலாம், அது உன் சொந்த லீவுக் கணக்கில் கழியாது. உன் பெயரை வெளியில் சொல்லவும் கூடாது. "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று அவர்களாக ஆரம்பித்தால் நீ ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. சமரசத்தை நீ கேட்டால்தான் நடத்த முடியும், அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

ஆனால் கெடு இருக்கிறது. நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம், அதை நம்பி இருக்காதே. எத்தனையோ பெண்கள் அழுது முடித்து, ஊர் என்ன சொல்லும் என்று யோசித்து முடித்து எங்களிடம் வரும்போது தேதி போயிருக்கும்.

அதனால் இன்றைக்கே ஒரு நோட்டு எடு. என்ன சொன்னான், எந்தத் தேதி, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுது. வாட்ஸப்பில் வந்ததை அழிக்காதே, எனக்கும் அனுப்பி வை. வக்கீலுக்குப் பணம் என்று தயங்காதே. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987ஆம் வருடச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்குப் போன் செய்தால் நீ இருக்கும் ஊரில் யாரைப் பார்ப்பது என்று கேட்டுக்கொள்ளலாம்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உன் முடிவு, நான் நெருக்க மாட்டேன். வேலை போனாலும் இந்த வீட்டில் உனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், அப்பாவிடமும் பேசிவிட்டேன். அவர் பேசவில்லை, ஆனால் உன்னிடம் இதைச் சொல்லச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போன் போடு. நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்தான் எழுத வரும் என்றால் சொல், மறுநாள் ரயில் ஏறிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா