ருக்மாபாய்க்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடநூல் ஆக்கக் குழுவினருக்கு,

வணக்கம். தன் திருமணத்தை மறுத்து நீதிமன்றத்தில் நின்ற ருக்மாபாய் என்ற பெண்ணைப் பாடநூலில் சேர்க்கக் கோரி இதை எழுதுகிறேன். ஆங்கிலேயர் காலச் சமூக, சமயச் சீர்திருத்தங்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எட்டாம் வகுப்பில் நடத்தி வருகிறேன். 1829, 1856, 1891 என்று சட்டங்களின் ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி, 1891ஆம் ஆண்டுச் சட்டம் சம்மத வயதை (மனைவியே ஆனாலும், எந்த வயதுக்குக் கீழ் உடலுறவு கொள்வது குற்றமோ அந்த வயதை) பன்னிரண்டாக உயர்த்தியது என்ற வரியை வாசித்துவிட்டு, "அதுக்கு முன்னாடி எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டாள். பத்து என்றேன். சிறிது நேரம் கழித்து, "என் தங்கச்சிக்குப் பத்து வயசு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அந்தச் சட்டத்துக்கு முந்தைய ஆண்டில்தான் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி கணவனால் உயிரிழந்தாள். அவள் பத்து வயதைக் கடந்துவிட்டாள் என்பதால் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டப்படி அவன்மேல் வன்புணர்ச்சிக் குற்றம் நிற்கவில்லை. கவனமின்றிக் கொடுங்காயம் விளைவித்ததற்காக ஓராண்டுக் கடுங்காவலோடு வழக்கு முடிந்தது. இதைச் சொல்லாமல் சட்டத்தின் ஆண்டை மட்டும் சொல்வதில் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்?

நான் முதன்மையாகக் கேட்பது ருக்மாபாய்க்காக. பதினொரு வயதில் மணம் முடிக்கப்பட்டு, வளர்ந்த பின் கணவருடன் வாழ மறுத்த அவர்மீது, சேர்ந்து வாழ ஆணையிடக் கோரி 1884இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கணவர் வழக்குத் தொடர்ந்தார். முதலில் விசாரித்த நீதிபதி பின்ஹே, இத்தகைய வழக்கு இந்து சாஸ்திரத்தில் உள்ளதன்று, இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது என்று சுட்டிக்காட்டித் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டுக்குப் பின், கணவர் வீட்டுக்குப் போக வேண்டும் அல்லது ஆறு மாதம் சிறை செல்ல வேண்டும் என்று 1887இல் தீர்ப்பானபோது, சிறைக்கே போகிறேன் என்றார் அந்த இளம்பெண். மறு ஆண்டு கணவருக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வழக்கு தீர்க்கப்பட்டது. பின்னர் அவர் லண்டனில் மருத்துவம் பயின்று, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் நெடுங்காலம் மருத்துவராகப் பணியாற்றினார்.

சட்டம் இயற்றிய தலைமை ஆளுநர்களும் வைஸ்ராய்களும் வாதாடிய பெரியோர்களும் நிறைந்திருக்கும் பாடத்தில், தானே மறுத்துச் சொன்ன ஒரு பெண்ணுக்கு இடமில்லாமல் போவது எனக்கு ஆறாத வருத்தம். ஆங்கிலேய அரசு சீர்திருத்தத்தை நமக்குக் கொடையாகத் தந்தது என்ற எண்ணத்தையும் இந்த வழக்கு ஒன்றே திருத்திவிடும். ஏனெனில் அவரைச் சிறைக்கு அனுப்பத் துணிந்தது அந்த அரசின் நீதிமன்றமேதான். விடுதலைப் போராட்டப் பாடத்தில் நாம் போற்றும் திலகர் ருக்மாபாயையும் 1891ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எதிர்த்து எழுதியதையும் மறைக்க வேண்டாம். பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

ருக்மாபாய் மறைந்த 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவில், சேர்ந்து வாழ ஆணையிடக் கோரும் அதே உரிமை இன்றும் இருக்கிறது. அடுத்த திருத்தப் பதிப்பில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்தப் பிரிவையும் அதன் கீழே அச்சிட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை