பீன்ஸ் வேகாததற்கும் காரணம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். தங்கள் புரட்டாசிச் சிறப்பிதழில் வந்த 'ஒரு வாரத்து அலைச்சல்' கட்டுரையைப் படித்தேன். திங்கட்கிழமை பால் பொங்கி வழிந்ததாம். செவ்வாய்க்கிழமை தண்ணீர் நின்றதாம். புதன்கிழமை காய்ந்த சுகர் பீன்ஸ் வேகவே இல்லையாம். வெள்ளிக்கிழமை கரண்ட் போனதாம். நடுநடுவே மழைக்கு இதமாக ஒரு காபி, தெருமுனையில் ஒரு முழம் மல்லிகை. எல்லாம் சரி. கடைசியில் எழுத்தாளர் அருளிய வாக்கு ஒன்று: வீட்டில் நடக்கும் சின்னச் சறுக்கல்களுக்குக் காரணம் தேடக் கூடாதாம், சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டுமாம். அடுத்த வேலையைப் பார்ப்பவர் யார் என்பதை மட்டும் எழுதவில்லை.

காரணம் தேடவே வேண்டாம், அவர் கட்டுரையிலேயே இருக்கிறது. தக்காளியையும் புளிக்கரைசலையும் முதலிலேயே ஊற்றியிருக்கிறார். புளிப்பு சேர்ந்த தண்ணீரில் பீன்ஸ் தோல் இளகாது, இரண்டு மணி நேரம் எரித்தாலும் கடுக்கென்றுதான் இருக்கும். கோயில் மடைப்பள்ளியில் அண்டா அண்டாவாக வேகவைத்துப் பழகிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் பீன்ஸ் விரலில் நசுங்க வேண்டும், பிறகுதான் மசாலா, தக்காளி, புளி. பழைய சரக்காக இருந்தாலும் வேகாது. சுருங்கி நிறம் மங்கியதைப் பையைப் புரட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு அவர் சொன்ன மாற்று வழியைத்தான் பொறுக்க முடியவில்லை. இரவு ஸ்லோ குக்கரில் வேகவைக்காத பீன்ஸைப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் வெண்ணெயாகக் குழைந்திருக்குமாம்! சுகர் பீன்ஸ் சிவப்பு ராஜ்மாவின் இனம். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மந்தமான சூட்டில் அழியாது, 80 டிகிரிக்குக் கீழே நின்றால் அதன் வேகம் கூடவும் செய்யும். சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. விரதத்தில் வெறும் வயிற்றோடு இருக்கும் வயதானவர்களுக்கு இந்த யோசனை! சிரித்துவிட்டு எந்த வேலையைப் பார்ப்பது?

செய்யவேண்டியது இதுதான். அரைக் கிலோ பீன்ஸுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறல். வெயில் நாளில் அதற்கு மேல் விட்டால் நுரைத்துப் புளித்துவிடும். ஊறிய தண்ணீரைக் கீழே கொட்டவேண்டும். 'சத்து போய்விடும்' என்று அதிலேயே வேகவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புதுத் தண்ணீர் பீன்ஸுக்கு மேலே இரண்டு விரல் நிற்கட்டும். தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவேண்டும், அரை மணி நேரம் என்றால் இன்னும் நிம்மதி. அதற்குப் பிறகு ஸ்லோ குக்கரோ, கம்பளியில் சுற்றி வைப்பதோ, உங்கள் விருப்பம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அந்த ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றது தங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருக்க, 'தண்ணீர் வந்ததும் மகிழ்ச்சியோடு ஷவரைத் திறந்தேன்' என்பதைத் திருத்தாமல் அச்சிட்டிருக்கிறீர்கள். நின்று வரும் தண்ணீர் காற்றையும் துருவையும் மணலையும் தள்ளிக்கொண்டு வரும். ஷவரையோ சமையலறைக் குழாயையோ முதலில் திறந்தால் அந்த மணல் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். சல்லடை இல்லாத குளியல் தொட்டிக் குழாயில், குளிர்நீர்ப் பக்கத்தை முதலில் மெல்லத் திறந்து, பழுப்பு நிறம் தெளியும்வரை ஓடவிட வேண்டும். அப்புறம் வெந்நீர்ப் பக்கம். வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் கடைசி.

கீசரைத் தண்ணீர் நின்ற உடனேயே டிபி போர்டில் (வீட்டின் மெயின் சுவிட்சுப் பெட்டியில்) அணைத்துவிட வேண்டும். வெந்நீர்க் குழாயை யாராவது திறந்தபடி மறந்துவிட்டால் சில வீடுகளில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். எலிமென்ட் தண்ணீருக்கு வெளியே தெரிந்த நிலையில் சூடேறினால் கருகிப்போகும். வெந்நீர்க் குழாய் கக்காமல் ஒரே சீராக ஓடிய பிறகுதான் சுவிட்சைப் போடவேண்டும். எலிமென்ட் மாற்ற ஆகும் செலவைக் கட்டுரையாளர் சிரித்துக்கொண்டே கட்டட்டும்.

கரண்ட் போனபோது ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்த்தாராம். மூடியே வைத்திருந்தால் நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள், கீழே ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம். முறை வைத்துக் கரண்டை நிறுத்திய லோட் ஷெடிங் கண்ட ஊரில் இதையெல்லாம் கடிதத்தில் எழுதவேண்டியிருக்கிறது.

அந்தக் கட்டுரை எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாமல் இல்லை. டர்பனில் எந்தத் தெருமுனையில் மல்லிகையை முழம் போடுகிறார்கள்? சென்னையில் எழுதியதை வாங்கி, ஊர்ப் பெயரை மட்டும் சாட்ஸ்வொர்த் என்று மாற்றியிருக்கிறீர்கள். இது இன்று தொடங்கியதல்ல. போர்வையை வெளியே எடுக்கும் மே மாதத்தில் அக்னி நட்சத்திரத்துக்கு மோர் குடிக்கச் சொன்னீர்கள். லிச்சிப் பழம் விற்கும் டிசம்பரில் மார்கழிப் பனிக்குக் காதை மூடச் சொன்னீர்கள். இங்கே கரும்புத் தோட்ட வேலைக்கு முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16-இல். இங்கே பருவம் தலைகீழ் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. தங்கள் அலுவலகத்துக்கு மட்டும் தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

நாட்காட்டிப் பக்கம் அதைவிட மோசம். திதி நேரத்தை இந்திய நேரத்திலேயே அச்சிடுகிறீர்கள். நாம் மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். அங்கே அதிகாலை 2 மணிக்குத் தொடங்கும் அமாவாசை இங்கே முந்தின இரவு 10.30-க்கே தொடங்கிவிடும். மகாளய அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்கள் எந்த நாளை நம்புவது? ராகு காலமும் அப்படித்தான். சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரையான பகலை எட்டாகப் பிரிக்கவேண்டும். பகல் 6 முதல் 6 வரை இருக்கும் நாளில்தான் பங்கு ஒன்றரை மணி நேரம். புரட்டாசியில் ஏறக்குறைய அது பொருந்தும், அவ்வளவுதான். ஜூன் கடைசியில் டர்பனில் சூரியன் 6.50-க்கு மேல் எழுந்து 5.05-க்கு மறைகிறது, பங்கு 77 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 3.48-க்குத் தொடங்கி 5.05-க்கு முடிந்தே போகும். தாங்கள் அச்சிடும் 4.30 முதல் 6 வரை என்பதை நம்புகிறவர், இருக்கும்போது புறப்பட்டு, இல்லாதபோது வாசலில் காத்து நிற்கிறார்.

நம் சேப்பங்கிழங்கின் இனமான மடும்பிக் கிழங்கைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. இந்த ஊரில் விரத வாரத்தின் சுகம் என்றால் அதுதான். பச்சையாகச் சீவினால் கை அரிக்கும். மண் போகக் கழுவி, தோலோடு உப்புத் தண்ணீரில் முப்பது நாற்பது நிமிடம் வேகவைத்து, சூடு இருக்கும்போதே உரித்து, பச்சை மிளகாய்ச் சட்னியோடு தின்னவேண்டும். ஆறிவிட்டால் தோலும் ஒட்டிக்கொள்ளும், ருசியும் போய்விடும். அதற்குப் பதிலாகத் தாங்கள் என்ன போட்டீர்கள்? செப்டம்பர் 24 மரபு நாள் விடுமுறை எப்போதும் புரட்டாசிக்குள்தான் விழுகிறது. நாடே பிராய் போடுகிற, அதாவது தணலில் இறைச்சி சுடுகிற நாள்தான், மறுக்கவில்லை. அதற்காகப் பெருமாள் படத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே ஆட்டு விலா எலும்புக்கு மசாலா ஊறவைக்கும் குறிப்பா?

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த இதழில் ஸ்லோ குக்கர் குறிப்புக்கு ஒரு திருத்தம், '10 நிமிடம் கொதித்த பிறகே' என்று, கண்ணில் படும் அளவு எழுத்தில் போடுங்கள். திதி நேரத்திலிருந்து மூன்றரை மணியைக் கழித்து அச்சிடுங்கள். ஆட்டு விலாவை ஐப்பசி இதழுக்குத் தள்ளிவையுங்கள், நானும் படித்துச் செய்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.