திரைப்பட, அறிபுனைத் தொடர் ரசிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் முடிய நம் சங்கத்தில் நடந்த கலந்துரையாடல்களையும் அவற்றில் உறுப்பினர்கள் எடுத்துரைத்த கருத்துகளையும் தொகுத்து இந்த அறிக்கையைப் பேரவையின் முன் வைக்கிறேன். நிர்வாகச் செய்திகள் குறைவு என்பதால் அவற்றை இறுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன். கதைகளின் முடிவுகளைக் குறிப்பிடாமல் அவற்றைப் பற்றிய விவாதத்தை எழுத இயலாது. எனவே ஏதேனும் ஒரு தொடரை இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் அந்தப் பத்தியை மட்டும் கடந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட படைப்புகள் ஒரே திட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. வெளியான வரிசையில் பார்த்தோம், பேசினோம். ஆயினும் உறுப்பினர்கள் கருத்தெழுதும் பதிவேட்டை முழுவதும் படித்தபோது, ஒன்றைத் தவிர ஏறத்தாழ எல்லா விவாதங்களும் ஒரே கேள்வியில் வந்து நின்றிருப்பதைக் கண்டேன். ஒரு மனிதரின் நினைவைப் பிரித்தாலோ, உடலை நகலெடுத்தாலோ, மனத்தை வேறொரு உடலுக்கு மாற்றினாலோ, எல்லோருடைய மனங்களையும் ஒன்றாக்கினாலோ, எஞ்சி நிற்பவர் யார், அவர் மீது யாருக்கு உரிமை என்பதே அந்தக் கேள்வி. வெவ்வேறு நாட்டுக் கலைஞர்கள் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலேயே ஒரே ஆண்டில் இதையே கேட்டிருக்கிறார்கள் என்பது நம் கவனத்துக்குரியது.

ஜனவரி 17 அன்று தொடங்கிய ‘செவரன்ஸ்’ இரண்டாம் சீசனிலிருந்தே இது ஆரம்பமாயிற்று. லூமன் என்னும் நிறுவனத்தின் ஊழியர்களுடைய மூளையில் ஒரு சில்லைப் பொருத்தி, அலுவலக நினைவையும் வெளி வாழ்க்கையின் நினைவையும் முற்றாகப் பிரித்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு வெளியுலகம் தெரியாது, வெளியே இருப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. பத்து எபிசோடுகளின் இறுதியில், உள்ளே இருக்கும் மார்க், தன் வெளி மனிதனின் மனைவியான ஜெம்மாவைக் கதவு வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டு, தான் மட்டும் தான் நேசிக்கும் சக ஊழியரான ஹெல்லியுடன் உள்ளேயே ஓடிவிடுகிறான். இந்த முடிவு நம் உறுப்பினர்களை இரண்டாகப் பிரித்தது. கணவனைக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக் கதறும் ஒரு பெண்ணை விட்டுவிட்டுப் போவது துரோகம் என்று ஒரு சாரார் உறுதியாகச் சொன்னார்கள். கதவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் மார்க்குக்கு வாழ்வே முடிந்துபோகும், தன் வாழ்வைக் காத்துக்கொள்வதைத் துரோகம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை என்று மற்றொரு சாரார் கேட்டார்கள். அதே எபிசோடில் இரு மார்க்குகளும் வீடியோ கேமராவில் பதிவுசெய்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் காட்சியை உறுப்பினர் ஒருவர் நினைவூட்டினார். உள்ளே இருப்பவன் உயிராக நேசிக்கும் பெண்ணின் பெயரைக்கூட வெளி மார்க் தவறாகச் சொல்கிறான். உள்ளே இருப்பவன் அந்தக் கணத்திலேயே தன்னை இவன் ஒரு மனிதனாக எண்ணவில்லை என்பதை உணர்ந்துகொள்கிறான். இதைக் கேட்டபின் முதல் சாராரில் சிலர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். நானும் இரண்டாவது சாராரோடுதான் நிற்கிறேன். ஆனால் ஜெம்மாவின் இழப்பை அது சிறிதும் குறைத்துவிடாது. அந்த இரண்டையும் ஒருசேரத் தாங்கிக்கொள்ளச் செய்வதே அந்த முடிவின் சிறப்பு.

அந்த சீசனின் ஏழாம் எபிசோட்டைப் பற்றி மாற்றுக் கருத்தே எழவில்லை. தொடரின் ஒளிப்பதிவாளரான ஜெசிக்கா லீ கான்யே முதன்முறையாக இயக்கிய அந்த எபிசோடு, ஜெம்மாவின் கடந்த காலத்தையும் லூமனுக்குள் அவளுடைய சிறைவாசத்தையும் மாறி மாறிக் காட்டுகிறது. அதற்கு அடுத்த எபிசோடு கோபெல் என்னும் ஒரே பாத்திரத்தைப் பின்தொடர்ந்து செல்வதால், கதை உச்சத்தில் இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள் என்ற மனக்குறை பலருக்கு இருந்தது. அது நியாயமான குறை என்றே நினைக்கிறேன். பாத்திரத்தைப் பற்றி நாம் அறிய வேண்டியவை அதில் இருந்தன. அவை வர வேண்டிய இடம் அதுவன்று.

இத்தொடரை ஒட்டி எழுந்த காத்திருப்புப் பற்றிய விவாதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். முதல் சீசன் 2022 ஏப்ரலில் முடிந்தது; அடுத்த எபிசோடுக்கு இரண்டே முக்கால் ஆண்டுகள் காத்திருந்தோம். 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள்களும் நடிகர்கள் 118 நாள்களும் நடத்திய வேலைநிறுத்தங்கள் இதற்கு ஒரு காரணம். தொடர்களைத் திரைப்படத் தரத்தில் எடுக்க முற்படுவது மற்றொரு காரணம். 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான முதல் ‘ஸ்டார் டிரெக்’ தொடர் மூன்று சீசன்களில் 79 எபிசோடுகளைத் தந்தது. ‘செவரன்ஸ்’ இரண்டு சீசன்களிலும் சேர்த்து 19 எபிசோடுகளையே தந்திருக்கிறது. குறைவாக எடுத்தால் பழுதில்லாமல் எடுக்கலாம் என்பார்கள். ஆயினும் பழைய தொடர்களில் சுமாரான எபிசோடுகளுக்கும் ஓர் இடம் இருந்தது. அவற்றில்தான் பாத்திரங்கள் அவசரமில்லாமல் நமக்குப் பழகினார்கள் என்று மூத்த உறுப்பினர்கள் சொன்னதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

மார்ச் மாதம் போங் ஜூன்-ஹோவின் ‘மிக்கி 17’ படத்தைப் பேசினோம். ஆபத்தான வேலைகளுக்கென்றே அமர்த்தப்பட்ட ஒருவன் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அவனை மறுபடி அச்சிட்டு எடுக்கிறார்கள். மூலமான எட்வர்ட் ஆஷ்டனின் நாவலில் அவன் ஏழாவது நகல், படத்தில் பதினேழாவது. ராபர்ட் பாட்டின்சன் ஒரே மனிதனின் இரு நகல்களை நடையிலும் குரலிலும் வேறுபடுத்திக் காட்டியதை அனைவரும் பாராட்டினர். ஆனால் இரண்டாம் பாதியில் படம் அந்த இருவரையும் விட்டுவிட்டு, குடியேற்றத்தின் ஆட்சியாளரைக் கேலி செய்வதிலேயே நேரத்தைச் செலவிடுகிறது. நினைவுகள் ஒன்றாக இருந்தும் இருவரின் குணம் ஏன் மாறுகிறது என்ற நல்ல கேள்வி பதிலின்றி நின்றுவிட்டது என்பதே பெரும்பான்மைக் கருத்து.

மேலே ஒன்றைத் தவிர என்று சொன்னேன். அந்த ஒன்று ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையைச் சேர்ந்த ‘ஆண்டோர்’ இரண்டாம் சீசன். ஏப்ரல் 22 தொடங்கி வாரத்துக்கு மூன்று எபிசோடுகளாக நான்கு வாரங்களில் வெளியான இத்தொடரில் நகல்களும் இல்லை, பிளவுபட்ட நினைவுகளும் இல்லை. ஒளிவாள் ஏந்திய வீரர்களும் இல்லை. ஒரு பேரரசு ஒரு கிரகத்தின் கனிமத்துக்காக அதன் மக்களை எப்படிப் படிப்படியாகப் பழிக்கு உள்ளாக்கிக் கொன்றொழிக்கிறது என்பதை, அதிகாரிகளின் கூட்ட அறையிலிருந்து தொடங்கி நகரச் சதுக்கத்து மக்கள் திரள் வரை, பொறுமையாகக் காட்டுகிறார் தொடரை உருவாக்கிய டோனி கில்ராய். கோர்மன் என்னும் அந்தக் கிரகத்தில் நடக்கும் படுகொலையைக் காட்டும் எட்டாம் எபிசோட்டைப் பார்த்தபின் எங்கள் கூட்டத்தில் வெகுநேரம் எவரும் பேசவில்லை. அதற்கு அடுத்த எபிசோடில் மேலவை உறுப்பினரான மான் மொத்மா அவையில் எழுந்து, நடந்ததற்கு அதன் உண்மையான பெயரைச் சொல்லும் உரை, அந்த எபிசோட்டை எழுதிய டான் கில்ராய்க்கு எம்மி விருதைப் பெற்றுத் தந்தது. அது தகுதியான விருது என்பதில் சங்கம் ஒருமனதாக இருந்தது.

குறையே இல்லையா என்றால், உண்டு. ஒவ்வொரு மூன்று எபிசோடுகளுக்கும் இடையே கதை ஓராண்டைத் தாண்டிச் செல்கிறது. முதலில் ஐந்து சீசன்களாக எண்ணப்பட்ட கதையை இரண்டாகச் சுருக்கியதன் விளைவு இது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாத்திரங்களுக்கு நேர்ந்தவற்றை ஓரிரு வரி உரையாடலிலிருந்து ஊகிக்க வேண்டியிருப்பதும், கதாநாயகனின் காதலி பிக்ஸின் துயரம் போன்றவை போதிய நேரம் பெறாததும் பலரை வருத்தின. இருப்பினும் கதாநாயகன் 2016இல் வந்த ‘ரோக் ஒன்’ படத்தில் இறக்கப்போகிறான் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் இத்தனை பதற்றத்தோடு பார்க்க வைத்த தொடர் வேறில்லை. இவ்வாண்டு நாம் பார்த்தவற்றுள் இதையே முதலிடத்தில் வைக்கிறேன். பதிவேட்டில் எழுதிய பெரும்பாலோர் கருத்தும் அதுவே.

‘மர்டர்பாட்’ மே மாதத்தில் வந்தது. தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே செயலிழக்கச் செய்துவிட்ட ஒரு காவல் இயந்திரம், விடுதலை கிடைத்ததும் உலகை வெல்லப் புறப்படாமல் தொடர்களைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்புகிறது. மூலமான மார்த்தா வெல்ஸின் நூல்களைப் படித்தவர்கள், ஆண் என்றோ பெண் என்றோ சொல்லப்படாத அந்தப் பாத்திரத்துக்கு அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்டைத் தேர்ந்தெடுத்ததை முதலில் ஏற்கவில்லை. முடியும் தறுவாயில் அவர்களிற் பலர் அவருடைய தயக்கமான பார்வையையும், யாரும் தொட்டுவிடக் கூடாதென்று ஒதுங்கும் உடல்மொழியையும் மெச்சி எழுதினார்கள். பெரும்பாலான எபிசோடுகள் அரைமணி நேரத்துக்கும் குறைவாக இருந்தது மட்டுமே பொதுவான குறை.

ஆகஸ்டில் தொடங்கிய ‘ஏலியன்: எர்த்’ ஆண்டின் கடுமையான வாக்குவாதத்தை எழுப்பியது. 1979ஆம் ஆண்டுப் படத்தின் நிகழ்ச்சிகளுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பாக, 2120இல் நடக்கும் இக்கதையில், மரணப்படுக்கையில் இருக்கும் குழந்தைகளின் மனங்களை வளர்ந்தோரின் செயற்கை உடல்களுக்கு மாற்றுகிறது ஒரு பெருநிறுவனம். அந்த உடல்களில் இருப்பவர்கள் குழந்தைகள்தாமா, அல்லது அவர்களுடைய நினைவைச் சுமக்கும் கருவிகளா என்பதைத் தொடர் இறுதிவரை தீர்த்துச் சொல்லவில்லை. அந்தத் தயக்கத்தை நான் வரவேற்கிறேன். எதிர்ப்பு வேறிடத்திலிருந்து வந்தது. பழைய படங்களில் இருளில் பாதி மறைந்திருந்து அச்சமூட்டிய வேற்றுலக உயிரியைப் பகல் வெளிச்சத்தில் நடக்கவிட்டதும், அக்குழந்தைகளுள் ஒருத்தியான வெண்டி அதனோடு பேசக் கற்றுக்கொள்வதும் அதன் பயங்கரத்தையே அழித்துவிட்டன என்றனர் பழைய ரசிகர்கள். அந்த வாதத்தில் வலு உண்டு. தொடரை உருவாக்கிய நோவா ஹாலி அதை உணர்ந்தே பயத்தின் பொறுப்பைப் புதிய உயிரிகளிடம் ஒப்படைத்திருக்கிறார் போலும். பல கருமணிகள் கொண்ட கண் போன்ற சிறிய உயிரி ஓர் ஆட்டின் கண்குழிக்குள் புகுந்து, அங்கிருந்து மனிதர்களை அளவெடுத்துப் பார்க்கும் காட்சிகள் இவ்வாண்டின் மிகச் சிறந்த திகில் காட்சிகள்.

‘ஃபவுண்டேஷன்’ மூன்றாம் சீசனில், அசிமோவின் நூல்களில் இல்லாத, ஒரே பேரரசரை வழிவழியாக நகலெடுக்கும் கிளைக்கதையே மூலக்கதையைவிட மேலோங்கி நின்றது என்பது பலரும் கூறிய கருத்து.

நவம்பரில் வின்ஸ் கில்லிகனின் ‘புளூரிபஸ்’ வந்தது. விண்ணிலிருந்து வந்த ஒரு சமிக்ஞையின் வழியே மனிதகுலம் ஏறத்தாழ முழுவதும் ஒரே மனமாகிவிடுகிறது; விலகி நிற்பவர்கள் உலகெங்கும் பதின்மூன்று பேரே. இணைந்துவிட்ட மனிதர்கள் கொல்வதில்லை, பொய் சொல்வதில்லை, கேட்டதையெல்லாம் கொண்டுவந்து தருகிறார்கள். விலகி நிற்பவர்களுள் ஒருத்தியாய், இவர்களிடமிருந்து உலகைக் காக்கத் துடிக்கும் கேரல், எளிதில் விரும்பத்தக்கவள் அல்லள். சண்டையும் பசியும் இல்லாத உலகை ஏன் மறுக்க வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது உடனடியாகப் பதில் சொல்ல எவராலும் இயலவில்லை. நான் பின்னர் எண்ணிப் பார்த்து ஏற்றுக்கொண்ட பதில் இது: அந்த அமைதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எவருக்கும் தரப்படவில்லை, இணைப்பு நேர்ந்தபோது கோடிக்கணக்கானோர் இறந்துமிருக்கிறார்கள். வேகம் போதவில்லை என்று பலர் எழுதியிருந்தனர். கேரலாக நடித்த ரியா சீஹார்ன் தனியாக, பேச்சின்றி, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பதை முழுமையாகக் காட்டும் நீண்ட காட்சிகள் அவர்களைச் சோர்வடையச் செய்தன. அவளுடைய தனிமையின் அளவு அந்தக் காட்சிகளில்தான் நமக்கு விளங்குகிறது என்பதால், அக்குறையில் எனக்கு உடன்பாடில்லை.

டிசம்பரில் வெளியான ‘அவதார்: ஃபயர் அண்ட் ஆஷ்’ காட்சி அழகுக்காகப் போற்றப்பட்டு, முந்தைய பாகத்தின் கதையமைப்பை மீண்டும் சொல்கிறது என்று விமர்சிக்கப்பட்டது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் இறுதி எபிசோடு டிசம்பர் 31 அன்று வந்ததால் அதன் விவாதம் வரும் ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

இனி நிர்வாகம். இவ்வாண்டு செயற்குழு கருத்துப் பதிவேட்டுக்கு இரண்டு விதிகளை வகுத்தது. பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்தாமல், எந்தக் காட்சியால் அப்படித் தோன்றியது என்பதையும் எழுத வேண்டும். ஒரு தொடரின் தொடக்கத்தில் எழுதிய கருத்தை அழிக்காமல், தொடர் முடிந்தபின் அதன் கீழேயே அடுத்த கருத்தை எழுத வேண்டும். மேலே சொன்ன மனமாற்றங்களை இவ்வறிக்கையில் என்னால் குறிப்பிட முடிந்ததற்கு இந்த இரண்டாம் விதியே காரணம். வாரந்தோறும் வெளியாகும் தொடர்களின் கதைத் திருப்பங்களைக் கூட்டத்துக்கு வெளியே பகிர்வதில்லை என்ற ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் பெருமளவு மதித்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரு முன்மொழிவை வைக்கிறது. மேற்கண்ட கேள்வியை நமக்கு முன்பே எழுப்பிய பழைய படைப்புகளைப் புதியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1972இல் வந்த தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’, 1982இல் வந்த ‘பிளேடு ரன்னர்’, டேட்டா என்னும் இயந்திர மனிதன் ஒரு பொருளா, தன்னைத் தானே ஆளும் உரிமை உடையவனா என்று நீதிமன்றத்தில் வழக்காடப்படும் 1989ஆம் ஆண்டு ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ எபிசோடு ஆகிய மூன்றும் முதற்கட்டமாகப் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இளைய உறுப்பினர்களில் பெரும்பாலோர் இவற்றைப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னுரை ஆற்ற மூத்த உறுப்பினர்கள் முன்வந்திருக்கிறார்கள். இந்த முன்மொழிவையும் இவ்வறிக்கையையும் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்