தங்கச்சிக்கு, அந்தப் பாட்டைப் பற்றி

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன்னால் நீ பாடிவிட்டு வந்த பாட்டு நேற்று வெளியானது. அதே மெட்டு, அதே வரிகள், குரல் மட்டும் வேறொருவருடையது. முன்கூட்டி உனக்கு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கேட்டதற்கு, "நீ பாடினது டிராக்தானேம்மா" என்றார்களாம். வேறொருவர் பின்னால் பாடுவதற்கு மாதிரியாகப் பாடிவைப்பதுதான் டிராக். அப்படியென்றால் கூப்பிடும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். அது தப்பு, அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் போனை வைக்கும் முன் நீ சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூங்க விடவில்லை. "என் குரல் தேறலைக்கா. தேறியிருந்தா வெச்சிருப்பாங்க." இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எஸ்.பி.பி. தமிழில் முதலில் பாடிய பாட்டு எது என்று கேட்டுப் பார். பாதிப் பேர் 'ஆயிரம் நிலவே வா' என்பார்கள், மீதிப் பேர் 'இயற்கை என்னும் இளைய கன்னி' என்பார்கள். இரண்டும் இல்லை. 'ஹோட்டல் ரம்பா' என்ற படத்துக்காக, எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில், எல்.ஆர்.ஈஸ்வரியோடு பாடிய டூயட் அது. தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வா என்று எம்.எஸ்.வி. முதலில் திருப்பி அனுப்பியிருந்தார். உழைத்துத் திருத்திக்கொண்டு வந்து பாடிய பாட்டு. படம் வெளிவரவே இல்லை, பாட்டும் அதோடு போயிற்று. அந்தக் குரலிலா குறை?

அதன் பிறகுதான் 'இயற்கை என்னும்' வந்த 'சாந்தி நிலையம்', 'ஆயிரம் நிலவே வா' வந்த 'அடிமைப் பெண்' இரண்டும். 'அடிமைப் பெண்'ணுக்குக் கே.வி.மகாதேவன் இசை, புலமைப்பித்தன் வரிகள், கூடப் பாடுவது சுசீலாம்மா. ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது எஸ்.பி.பி.க்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டார். எம்.ஜி.ஆர். படம், புதுப் பையன். வேறு யாரையாவது பாடவைத்திருப்பார்கள் என்றுதான் அவரே நினைத்துக்கொண்டிருந்தார். எம்.ஜி.ஆர். காத்திருந்தார். எஸ்.பி.பி. எழுந்து வந்த பிறகுதான் ஒலிப்பதிவு. எம்.ஜி.ஆருக்குப் பாடப்போவதாக நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாய், பாட்டு வேறு குரலில் வந்தால் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அவர் கேட்டதை, எஸ்.பி.பி. கடைசிவரை மேடைக்கு மேடை நெகிழ்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். 1969-ல் இரண்டு படங்களும் வந்தன, 'அடிமைப் பெண்' முந்திக்கொண்டது.

ஒரு பாட்டு வெளிவராமலே போனதற்கும் இன்னொன்று ஊரெல்லாம் ஒலித்ததற்கும் நடுவில் அந்தக் குரல் மாறிவிடவில்லை. ஒரு படம் நின்றுபோனது, ஒரு மனிதர் காத்திருந்தார், அவ்வளவுதான். உனக்காகக் காத்திருக்க அங்கே ஒருவரும் இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

அப்போதெல்லாம் வாத்தியக்காரர்களும் பாடகரும் சேர்ந்தே பதிவு செய்வார்கள். ஒருவர் பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. குரலை மட்டும் உருவி எடுத்துவிட்டு வேறு குரலை வைப்பது லேசான காரியம் இல்லை. இன்றைக்கு உன் குரல் கணினித் திரையில் ஒரு தனிக் கோடு. ஒரு பொத்தானில் மௌனமாகிவிடும்.

அதே வசதி ஒரு பாட்டைப் பிழைக்கவைத்ததும் உண்டு. அமெரிக்கப் பாடகர்கள் பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் 1964-ல் 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாட்டை மின்கிதாரும் டிரம்ஸும் இல்லாமல் பாடிப் பதிந்தார்கள். ஆல்பம் விற்கவில்லை, இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். சைமன் இங்கிலாந்தில் இருந்தார். 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன் அந்தப் பழைய பதிவின் மேலேயே மின்கிதாரும் டிரம்ஸும் சேர்த்தார், பாடியவர்களிடம் கேட்காமல். 1966 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடம். அந்தப் பாட்டு மேலேறத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் திரும்பச் சேர்ந்தார்கள். கேட்காமல் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் குரலை அவர் தொடவில்லை.

இனி யார் கூப்பிட்டாலும், மைக் முன்னால் நிற்பதற்கு முன் கேட்டுவிடு: டிராக்கா, ஃபைனலா? பதிலை எழுத்தில் வாங்கு. அந்தப் பாட்டுக்கான பணம் வந்ததா என்று நீ சொல்லவே இல்லை, அதையும் கேள். கூச்சப்படாதே.

இன்னொன்று. காலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அன்றைக்கு நீ அனுப்பிவைத்த பதிவையும் வெளியான பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டாம் சரணத்தில் வீணை முடிகிற இடம் ஞாபகம் இருக்கிறதா? நீ தாளத்தில் அரை அட்சரம் தாமதமாக எடுத்தாய். மூச்சு வாங்கிவிட்டது, இன்னொரு டேக் கேட்டேன், இதுவே அழகு என்று விட்டுவிட்டார்கள் என்று அன்றைக்கே சொன்னாய். வெளியான பாட்டிலும் அந்த இடத்தில் அதே அரை அட்சரம் தாமதம். பாடியவர் உன் டிராக்கைக் கேட்டுத்தான் பாட்டைக் கற்றிருக்கிறார். உன் மூச்சு அதில் அப்படியே நிற்கிறது.

அந்தப் பதிவை அழித்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அந்த இடத்தைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்போம்.

அன்புடன்,
அக்கா