புழுவின் மூளை கரைந்துவிடுவதில்லை

ஆசிரியருக்கு,

கூட்டுக்குள் புழு முழுசாகக் கரைந்து கூழாகி, அதிலிருந்து பட்டாம்பூச்சி பிறக்கிறது என்று அறிவியல் பக்கங்களில் இன்னமும் எழுதுகிறார்கள். தயவுசெய்து இதைத் திருத்துங்கள். தசைகளில் பெரும்பகுதி சிதைவது உண்மைதான், ஆனால் நரம்பு மண்டலம் அப்படி அழிவதில்லை. எக்டைசோன் என்ற ஹார்மோன் கூடும்போது சில நரம்பு செல்கள் சாகின்றன, சில புதிதாகச் சேர்கின்றன, மற்றவை பழைய கிளைகளை உதிர்த்துவிட்டு வேறு கிளைகள் விடுகின்றன. புகையிலைப் புழுவில், ஊர்வதற்கான தசையை இயக்கிய சில செல்களே அப்புறம் அந்துப்பூச்சியின் சிறகுத் தசையை இயக்குகின்றன. எவ்வளவு பெரிய விஷயம் இது!

2008இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள், கடைசிப் பருவத்தில் இப்படிப் பழகியவற்றில் பல, அந்துப்பூச்சியான பிறகும் அந்த வாசனையை விட்டு விலகின. இளம் பருவத்தில் பழகியவற்றுக்கு அந்த நினைவு மிஞ்சவில்லை. பழ ஈயில் நினைவுக்கான மூளைப் பகுதியின் இணைப்புகள் பெரிதும் கலைக்கப்படுவதால், எல்லாப் பூச்சிகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. சரி, பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எழுதலாமே, கூழ்க் கதை எதற்கு?

இப்படிக்கு,
ஒரு வாசகர்