கல்லில் பாதியில் நின்ற வேலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் மடங்குகிறது, மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. அந்தப் பச்சிலை எண்ணெய் வைத்தியத்தை இனியாவது விட்டுத்தொலை.

போன செவ்வாய்க்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போய்வந்தேன். நாம் இரண்டு பேரும் திருப்போரூர் வழியாக பஸ்ஸில் போனது 1984-இல். அந்த வருஷம்தான் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததாம். நமக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது, பரோட்டாக் கடை எங்கே என்பது தெரிந்திருந்தது.

அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பத்தின் முன்னால் பேத்தி அரை மணி நேரம் நகரவில்லை. யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, கையைத் தூக்கித் தவம் செய்கிறதே, நினைவிருக்கிறதா? அதன் காலடியில் எலிகள். கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் பசு கன்றை நக்குவதையும் காட்டினேன். அவளுக்குப் பூனைதான் பிடித்தது.

கடற்கரைக் கோயிலில் கூட்டம். பல்லவ ராஜா ராஜசிம்மன் காலத்துக் கோயில், வெட்டிய கல்லை அடுக்கிக் கட்டியது. மதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நந்திகளின் முகத்தை உப்புக்காற்று தேய்த்தே அழித்துவிட்டது. வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல் போட்டோ எடுக்க வரிசையே நின்றது. சரி, நாங்களும் எடுத்தோம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஊரின் மேற்குப் பக்கம் பிடாரி ரதங்கள் இரண்டு, வலையன்குட்டை ரதம் ஒன்று என்று, பாறையையே கோயிலாகச் செதுக்கிய ரதங்கள் மூன்று இருக்கின்றன. அன்றைக்கு நாம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றுமே முடிக்காமல் விட்டவை. நாங்கள் போனபோது ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு ஆடுகள் நிழலில் படுத்திருந்தன. பாறையில் ஏறும்போது என் செருப்பு வார் அறுந்துபோய், சுடுகல்லில் வெறுங்காலோடு குதித்த கதையைப் பேத்தி வீட்டில் எல்லோருக்கும் நடித்துக் காட்டிவிட்டாள்.

அங்கேதான் வேலை நடந்த விதம் புரிகிறது. மேலே சிகரமும் மாடங்களும் நேர்த்தியாக முடிந்திருக்கின்றன, கீழே வர வர வெறும் பாறை. உச்சியிலிருந்து செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். முடியாத குகைகளில் இன்னொன்றும் கண்ணில் படும்: பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் காடி வெட்டி, சதுரம் சதுரமாகப் பிரித்து, பிறகு ஒவ்வொரு சதுரமாகப் பெயர்த்தெடுத்திருக்கிறார்கள். அந்த உளித் தடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆகியும் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. எல்லோரும் பார்க்கப் போகும் அந்த ஐந்து ரதங்களுக்குப் பஞ்ச பாண்டவ ரதம் என்று பின்னால் வந்தவர்கள் வைத்த பெயரைவிட, பெயரே தெரியாத அந்தக் கல்தச்சன் எனக்கு நெருக்கமாகத் தெரிந்தான். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று உளியைக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பான்.

"ஏன் தாத்தா முடிக்கல?" என்றாள். ராஜா செத்திருக்கலாம், சண்டை வந்திருக்கலாம் என்று ஏதோ சொல்லி வைத்தேன். "இல்ல, போரடிச்சிருக்கும்" என்று முடித்துவிட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் பட்டறைகளில் உளிச் சத்தம். இப்போது அதோடு கல் அறுக்கும் மெஷினின் இரைச்சலும் சேர்ந்துவிட்டது. உனக்கு ஒரு சின்ன மாக்கல் பிள்ளையார் வாங்கி வைத்திருக்கிறேன். விலை கேட்காதே, பேரம் பேசத் தெரியாதவன் என்று சிரிப்பாய்.

டிசம்பரில் நாட்டிய விழா தொடங்கும்போது வா. ஆட்டம் மாலையில்தானே, காலையில் நேராகப் பிடாரி ரதத்துக்குப் போய்விடலாம். அங்கே படிக்கட்டு கிடையாது, உன் முழங்காலுக்கு நல்லது. நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
மணி